'ஹொய் டொய்ட்' பேசும் தீவு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தை ஒட்டி, அட்லாண்டிக் கடலில் மெல்லிய கோடு இழுத்ததுபோல மணல் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவுட்டர் பேங்க்ஸ் என்று பெயர். அந்த வரிசையில் ஒன்று ஓக்ரகோக். நீளம் சுமார் 26 கிலோமீட்டர். அகலம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஒரு பக்கம் பொங்கும் கடல், மறுபக்கம் பாம்லிகோ என்ற பெரிய காயல். நடுவே மணலும் புதரும் ஒற்றைச் சாலையும்.

இந்தத் தீவுக்கு இன்றுவரை பாலம் கிடையாது. குட்டி விமானங்கள் இறங்க ஓர் ஓடுதளம் உண்டு. மற்ற எல்லோருக்கும் ஃபெர்ரிதான். மாநிலத்தின் நிலப்பகுதியிலிருந்து காரோடு ஃபெர்ரியில் ஏறினால், காயலைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரை மறைந்து, சுற்றிலும் தண்ணீர் மட்டுமே தெரியும் நேரம் கொஞ்சம் நீளம்தான். பிறகு தூரத்தில் குட்டையான வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று எழும். 1823-ல் கட்டியது, இன்னும் எரிகிறது.

ஃபெர்ரி வந்து நிற்கும் இடத்துக்கு சில்வர் லேக் என்று பெயர். பெயரில்தான் ஏரி, உண்மையில் அது வட்டமான சிறு துறைமுகம். அதைச் சுற்றித்தான் ஊர். தீவில் இருக்கும் ஒரே ஊர். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. கோடையில் சைக்கிளும் கோல்ஃப் வண்டியுமாகத் தெருவெல்லாம் சுற்றுலாப் பயணிகள்.

கடற்கரை, கலங்கரை விளக்கம், தீவுக்கே உரிய குட்டைக் குதிரைகள், அத்திப்பழ கேக் என்று பார்க்கவும் சாப்பிடவும் இங்கே நிறைய இருக்கிறது. ஆனால் ஓக்ரகோக்கைத் தேடி வருபவர்களில் ஒரு சிலர் கண்ணைவிடக் காதைத்தான் தீட்டிக்கொண்டு வருவார்கள்.

படகுத்துறையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் வயதான மீனவர், பக்கத்துப் படகுக்காரரிடம் ஏதோ சொல்கிறார். கேட்கும் அமெரிக்கருக்கே முதலில் குழப்பம். ஐரிஷ்காரரா? ஆஸ்திரேலியரா? இங்கிலாந்தின் ஏதோ கிராமத்துக்காரரா? எதுவும் இல்லை. ஏழெட்டுத் தலைமுறையாக இதே தீவில் இருக்கும் குடும்பத்துக்காரர்.

கடல் ஏறி நிற்கும் நேரத்தை ஆங்கிலத்தில் 'ஹை டைட்' என்பார்கள். ஓக்ரகோக்கில் அது 'ஹொய் டொய்ட்'. உரக்கச் சொல்லிப் பாருங்கள். வாய் குவிவது தெரியும். இந்த ஒரு சொல்லாலேயே இந்தக் கரையோர மக்களுக்கு 'ஹொய் டொய்டர்' என்று பெயர் வந்துவிட்டது. 'ஃபிஷ்' இங்கே 'ஃபீஷ்' என்று நீளும். 'ஃபயர்' சுருங்கி 'ஃபார்' ஆகும். 'டவுன்' என்பது கிட்டத்தட்ட 'டெய்ன்'. தங்கள் பேச்சைத் தீவுக்காரர்கள் 'ப்ரோக்' என்கிறார்கள். ஐரிஷ்காரர்களின் ஆங்கிலத்துக்கு வழங்கும் பெயர் அது. தங்களுக்கும் அது பொருந்தும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

கப்பலுக்கு வழி காட்டியவர்கள்

இந்தக் கடற்கரை கப்பல்களுக்கு எமன். மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆழம் இருந்த இடத்தில் அடுத்த ஆண்டு மணல் மேடு இருக்கும். ஓக்ரகோக்கை ஒட்டிய கடல்வாய் வழியாகத்தான் கப்பல்கள் உள்ளே போக வேண்டும். வழி தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1715-ல் அன்றைய காலனி சட்டமன்றம், கப்பல் வழிகாட்டிகளை இங்கே குடியமர்த்தச் சட்டம் போட்டது. மூன்று வருடம் கழித்து, 1718 நவம்பரில், பிளாக்பியர்ட் என்ற பேர்பெற்ற கடற்கொள்ளையன் இந்தத் தீவுக்குப் பக்கத்தில்தான் கடற்படையோடு மோதிச் செத்தான். தீவின் கடைகளில் அவன் தாடி இல்லாத பொருளே இல்லை!

1759-ல் வில்லியம் ஹோவர்ட் என்பவர் தீவை விலைக்கு வாங்கினார். அவர் வழிவந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஹோவர்ட் ஸ்ட்ரீட் என்ற தெரு இன்னும் தார் காணாத மணல் சந்து. ஓக் மரங்கள் மேலே கவிந்திருக்கும்; வேலிக்குள் குடும்பக் கல்லறைகள். ஓ'நீல், காரிஷ், காஸ்கில் என்று கல்லில் திரும்பத் திரும்ப அதே பெயர்கள்.

இந்தப் பேச்சைப் பற்றிச் சுற்றுலாப் பயணிகளிடம் ஒரு கதை நெடுநாளாக ஓடுகிறது. வெளியுலகம் தெரியாமல் கிடந்ததால், ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம் இங்கே அப்படியே உறைந்துவிட்டதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. பேச்சு உப்பில் போட்ட மீன் அல்ல, முந்நூறு வருடம் அப்படியே இருக்க.

பழைய சொற்கள் இருப்பது நிஜம். ஒருவரைத் தொல்லைப்படுத்துவதை இங்கே 'மொம்மக்' என்பார்கள். அதன் அண்ணன் தம்பி போன்ற ஒரு சொல் ஷேக்ஸ்பியரின் 'கொரியோலானஸ்' நாடகத்தில் உண்டு. அங்கே கிழித்துப் போடுவது என்று பொருள். இங்கே ஆளைப் பாடாய்ப்படுத்துவது. வயிற்றைப் புரட்டினால் 'க்வாமிஷ்'. வீட்டுத் திண்ணை 'பைஸர்'. இத்தாலியின் 'பியாஸா'தான் கப்பலேறி வந்து இப்படித் தேய்ந்திருக்கிறது.

ஆனால் 'டிங்பேட்டர்' என்ற சொல்லையும் பாருங்கள். தீவுக்கு வெளியே இருந்து வந்த, விவரம் தெரியாத ஆளுக்கு வைத்திருக்கும் பெயர். என்னவோ பழங்காலச் சொல் என்று தோன்றும். அது 1970-களில் அமெரிக்காவைச் சிரிக்க வைத்த ஒரு தொலைக்காட்சித் தொடரில் கணவன் மனைவியைத் திட்டும் வசையிலிருந்து வந்தது. டிவி வந்த பிறகு உருவான தீவுச் சொல்! அதற்கு முன்னால் வெளியாட்களை 'டிட்-டாட்' என்று கேலி செய்தார்கள்.

தனிமையில் கிடந்த தீவு என்பதும் பாதி உண்மைதான். மாலுமிகள் வந்து போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவு ஆண்கள் பலர் பிலடெல்பியாவுக்குப் போய் ஆற்றைத் தூர்வாரும் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நகரத்துப் பேச்சை அவர்கள் கேட்காமல் இல்லை. கேட்டுவிட்டுத் தங்கள் பேச்சோடுதான் ஊர் திரும்பினார்கள்.

ஒரே மொழி எத்தனை வாயில்?

அப்படியானால் இந்த ஒலி எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வந்தவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் அல்ல. தென்மேற்கு இங்கிலாந்து, கிழக்கு இங்கிலாந்து, அயர்லாந்து என்று பல இடத்து ஆங்கிலம் ஒரே கரையில் இறங்கியது. விர்ஜீனியா கரையில் தங்கியவர்களில் ஒரு பகுதியினர் மெல்லத் தெற்கே நகர்ந்து தீவுகளில் ஏறினார்கள். அந்தக் கலவைதான் விதை.

பீட்டர் ட்ரட்ஜில் என்ற ஆங்கிலேய மொழியியலாளர், ஓக்ரகோக் ஒலிப்பதிவைத் தன் நாட்டுக்காரர்களுக்குப் போட்டுக் காட்டி, இவர் எந்த ஊர் என்று கேட்டார். அமெரிக்கா என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. தங்கள் நாட்டின் தென்மேற்குப் பக்கத்து ஆள் என்றே நினைத்தார்கள்.

பல ஊர்க்காரர்கள் ஓரிடத்தில் கலந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூசிலாந்தில் அருமையான சாட்சி இருக்கிறது. 1946-லிருந்து 1948 வரை அந்நாட்டு வானொலி நிலையம் ஒலிப்பதிவு வேன் ஒன்றை ஊர் ஊராக அனுப்பியது. பழைய நினைவுகளைப் பதிவு செய்வதுதான் நோக்கம். பேசியவர்களில் பலர் 1850-களுக்குப் பிறகு அந்த மண்ணில் பிறந்த முதல் தலைமுறை. பின்னாளில் மொழியியலாளர்கள் அந்தத் தட்டுகளைப் போட்டுக் கேட்டபோது திகைத்துப்போனார்கள். ஒரே ஊரில், ஒரே பள்ளியில் வளர்ந்த குழந்தைகள்கூட ஆளுக்கொரு மாதிரி பேசியிருக்கிறார்கள்! ஒரு சொல் ஸ்காட்லாந்து மாதிரி, அடுத்த சொல் லண்டன் மாதிரி. அவர்களுக்குப் பின்னால் வந்த குழந்தைகள்தான் அந்தக் கதம்பத்திலிருந்து ஒரே மாதிரியான பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்றோர் பேசியதை விட்டுவிட்டு, விளையாடும் இடத்தில் எந்தப் பேச்சு அதிகமோ அதைப் பிடித்தார்கள்.

எப்போது புறப்பட்டார்கள் என்பதும் முக்கியம். 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் 'கார்', 'ஹார்ட்' என்ற சொற்களில் 'ர்' நன்றாக ஒலித்தது. அப்போது கிளம்பியவர்கள் அந்த 'ர்' ஒலியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 18-ம் நூற்றாண்டில் லண்டன் பக்கம் அது தேயத் தொடங்கியது. லண்டனோடு வணிகத் தொடர்பு வைத்திருந்த பாஸ்டன், சார்ல்ஸ்டன் போன்ற துறைமுகங்கள் அந்த நாகரிகத்தைப் பின்பற்றி 'ர்' ஒலியை விழுங்கின. பிலடெல்பியாவும் உள்நாட்டுப் பகுதிகளும் விழுங்கவில்லை. 1788-ல்தான் ஆஸ்திரேலியாவுக்கு முதல் குடியேற்றக் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. அங்கே குடியேறியவர்களில் லண்டன் பக்கத்து ஆட்கள் அதிகம். அதனால்தான் அமெரிக்கரின் 'கார்' உருள்கிறது, ஆஸ்திரேலியரின் 'கா' நீள்கிறது. ஓக்ரகோக்காரர் உருட்டும் கட்சி. 'ஹொய் டொய்ட்' ஆஸ்திரேலியா மாதிரி கேட்டாலும், 'ர்' வந்தவுடன் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சீட்டாடும் ஆண்கள்

தீவை நிஜமாகவே உலுக்கியது இரண்டாம் உலகப்போர். 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தக் கரையோரத்தில் கப்பல்களை வேட்டையாடின. காவலுக்கு வந்த பிரிட்டிஷ் கப்பல் பெட்ஃபோர்ட்ஷயர் அந்த மே மாதம் மூழ்கடிக்கப்பட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை. ஓக்ரகோக்கில் கரை ஒதுங்கிய 4 மாலுமிகளின் உடல்களைத் தீவுக்காரர்கள் தங்கள் மண்ணில் அடக்கம் செய்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு கல்லறைத் தோட்டத்தில் இன்றும் பிரிட்டிஷ் கொடி பறக்கிறது. ஆண்டுதோறும் மே மாதம் அஞ்சலி நடக்கிறது.

அதே ஆண்டு அமெரிக்கக் கடற்படை தீவில் முகாம் போட்டது. துறைமுகம் ஆழமானது. வெளியூர் இளைஞர்கள் வந்தார்கள். 1957-ல் தீவின் குறுக்கே தார்ச்சாலை, அரசு ஃபெர்ரி. பிறகு சுற்றுலா. மீன் பிடித்த குடும்பங்கள் விடுதி நடத்த ஆரம்பித்தன.

1992-ல் வால்ட் வொல்ஃப்ராம் என்ற மொழியியல் பேராசிரியர் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு இங்கே வந்து இறங்கினார். சாகக்கிடக்கும் பேச்சைக் கடைசியாக ஒருமுறை பதிவு செய்துவிடலாம் என்ற கணக்கு. பெண்களிடமும் இளையவர்களிடமும் 'ஹொய் டொய்ட்' மங்கி வருவதை அவருடைய குழு கண்டது. கடையிலும் விடுதியிலும் நாள் முழுக்க வெளியூர் ஆட்களோடு பேசுகிறவர்களின் வாயில் அந்த ஒலி தேய்வதில் அதிசயம் இல்லை. கிழவர்களிடம் அதிகமாகவும், நடுவயதினரிடம் பாதியாகவும், பிள்ளைகளிடம் கொஞ்சமாகவும் இருக்க வேண்டும். ஒழுங்கான கணக்கு.

ஆனால் ஒரு கூட்டம் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. வாரத்தில் ஓரிரு முறை கூடி போக்கர் சீட்டாடும் நடுவயது ஆண்கள். பெண்களுக்கும் வெளியாட்களுக்கும் அந்த மேஜையில் இடம் இல்லை. இவர்கள் பேச்சில் 'ஹொய் டொய்ட்' பெரியவர்களுடையதைவிடவும் அழுத்தமாக இருந்தது! தகப்பனைவிட மகன் பழைய மாதிரி பேசினான்.

இதில் கொஞ்சம் நாடகமும் உண்டு. கருவியோடு வரும் ஆராய்ச்சியாளருக்கும் கேமராவோடு வரும் பயணிக்கும் என்று தீவுக்காரர்கள் சில வாக்கியங்களைத் தயாராக வைத்திருப்பார்கள். 'ஹொய் டொய்ட்' நிறைய வரும் வாக்கியங்களாகப் பார்த்து, அழுத்தி, இழுத்து, சொல்லிக் காட்டுவார்கள். வந்தவர் மகிழ்ந்து போவார். ஆனால் சீட்டாட்ட மேஜையில் பார்வையாளர் யாரும் இல்லையே. அங்கேயும் அந்த ஒலி அழுத்தமாக இருந்ததென்றால், அது வந்தவர்களை மகிழ்விக்க அல்ல. வந்தவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக்கொள்ள.

இதே கதையை வேறொரு தீவில் 30 வருடங்களுக்கு முன்பே ஒருவர் கண்டுபிடித்திருந்தார். வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவு. பணக்காரர்களின் கோடை வாசஸ்தலம். 1961-ல் அங்கே நிரந்தரவாசிகள் 6,000 பேருக்கும் குறைவு. கோடையில் வருபவர்கள் 40,000-க்கும் மேல். வில்லியம் லபோவ் என்ற இளம் ஆராய்ச்சி மாணவர் 69 பேரிடம் பேசிப் பதிவு செய்தார். 'ரைட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களில் வரும் உயிரொலியைத் தீவுக்காரர்களில் சிலர் பழைய முறையில் உள்ளடங்கி ஒலித்தார்கள். யார் அந்தச் சிலர் என்று பார்த்தால், வயதானவர்கள் அல்ல. 30-லிருந்து 45 வயதுக்குள் இருந்தவர்கள். அவர்களிலும், சில்மார்க் என்ற ஊரின் மீனவர்களிடம்தான் அது உச்சம். தீவை விட்டுப் போக நினைத்தவர்களிடம் அந்த ஒலி குறைவு. இங்கேயே வாழ்வேன் என்று தீர்மானித்தவர்களிடம் அதிகம்.

ஒரு தாய் தன் மகனைப் பற்றி லபோவிடம் சொன்ன விஷயம் சுவையானது. அவன் முன்பெல்லாம் இப்படிப் பேசியதில்லை; வெளியூரில் கல்லூரிப் படிப்பை முடித்துத் திரும்பிய பிறகுதான் இந்தப் பேச்சு, துறைமுகத்து ஆட்களைப் போல இருக்க ஆசைப்படுகிறான் போலிருக்கிறது என்றாராம். படிப்பு பேச்சைச் 'சரி' செய்துவிடும் என்றுதான் உலகம் நினைக்கிறது. இந்தப் பையன் விஷயத்தில் தலைகீழ்.

ஒரே ஒரு குடும்பம்

ஓக்ரகோக்கில் வொல்ஃப்ராம் குழுவினர் பதிவு செய்தவற்றில் மிகவும் யோசிக்க வைப்பது வேறொரு குரல். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பம் ஒன்று இந்தத் தீவில் வந்து குடியேறியது. நூறு வருடத்துக்கும் மேலாகத் தீவில் இருந்த ஒரே கறுப்பினக் குடும்பம் அது. அவர்கள் வெள்ளையர் வீடுகளிலும் விடுதியிலும் வேலை செய்தார்கள். நாள் முழுக்கக் காதில் விழுவது 'ஹொய் டொய்ட்'தான். சுற்றிலும் கடல். பேசுவதற்கு வேறு கறுப்பின மக்கள் பக்கத்தில் இல்லை.

வெறும் காதால் மட்டும் பேச்சு தொற்றிக்கொள்ளும் என்றால், இரண்டாவது தலைமுறையிலேயே அவர்கள் அசல் தீவுக்காரர்களாகப் பேசியிருக்க வேண்டும். ஆனால் 90 வயதைக் கடந்த அந்த வீட்டுப் பெண்மணி பேசியபோது, தீவின் சில வழக்குகள் இருந்தன. முழுத் தீவுப் பேச்சு இல்லை. நிலப்பகுதியில் வாழும் கறுப்பின மக்களின் ஆங்கிலத்துக்கு உரிய கூறுகள் அவரிடம் அழியாமல் இருந்தன. கடலுக்கு நடுவே ஒரு தீவு, அந்தத் தீவுக்குள் இன்னொரு தீவு.

அவர் பள்ளி வயதில் இருந்த காலத்தில், மாநிலச் சட்டப்படி வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்பினப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க முடியாது. அந்தத் தீவிலும் அப்படித்தான். நியூசிலாந்துக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஒன்றாகக் கலந்து பேச்சைச் செய்துகொண்டார்கள். இங்கே அந்த விளையாட்டிடத்தின் கதவு சாத்தியிருந்தது. அவரவர் பேச்சில் அது பதிந்திருக்கிறது.

மீன் கூடமும் வாடகை வீடும்

இன்றைய ஓக்ரகோக்கில் பெரும்பகுதி நிலம் மத்திய அரசின் தேசியக் கடற்கரைப் பூங்கா. கட்டடம் எழுப்ப முடியாது. மிச்சமிருக்கும் ஊர் நிலம் கொஞ்சம். அதை வாங்கிக் கோடை வீடாக்க, வாரக் கணக்கில் வாடகைக்கு விட, வெளியில் இருப்பவர்களிடம் பணம் இருக்கிறது. விலை ஏறுகிறது. பிறந்த ஊரிலேயே வீடு வாங்க முடியாமல் மீனவர் மகன் நிலப்பகுதிக்குப் போகிறான். போன இடத்தில் 'ஹொய் டொய்ட்' பேச அவனுக்கு ஆள் இல்லை. ஒரு பேச்சு அழிவது என்றால் பெரும்பாலும் இப்படித்தான். யாரும் தடை போடுவதில்லை. பேசுகிறவர்கள் பக்கத்து வீட்டில் இல்லாமல் போகிறார்கள்.

தீவில் ஒரே ஒரு மீன் கூடம்தான் மிஞ்சியிருந்தது. படகில் வரும் மீனை வாங்கி, ஐஸ் போட்டு, வெளியூருக்கு அனுப்பும் இடம். அது கைமாறிப் போனால், பிடித்த மீனை விற்கவே வழி இல்லை. 2006-ல் மீனவர்கள் சங்கமாகச் சேர்ந்து அதைத் தாங்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். மீன் கூடத்தைக் காப்பாற்றியவர்கள் பேச்சைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள், பிழைப்பைத்தான் யோசித்திருப்பார்கள். ஆனால் 'ஹொய் டொய்ட்' இயல்பாகப் புழங்குவதும் அந்த மேடையில்தான்.

2019 செப்டம்பர் 6 அன்று டோரியன் புயல் வந்தது. காயலின் தண்ணீர் சுவர்போல எழுந்து சில மணி நேரத்தில் ஊருக்குள் புகுந்தது. பல தலைமுறையாக நனையாத வீடுகளும் நனைந்தன. பள்ளிக்கூடம் சேதமானது. ஃபெர்ரி நின்று, வெளியாட்கள் யாரும் வர முடியாத நாட்களில் ஊரே சேர்ந்து சேற்றை வாரிக் கொட்டியது. சில வீடுகளைத் தூக்கிக் கட்டினார்கள்.

அந்தப் பள்ளிதான் தீவின் ஒரே அரசுப் பள்ளி. பாலர் வகுப்பு முதல் 12-ம் வகுப்புவரை ஒரே வளாகம். 1990-களிலிருந்து வொல்ஃப்ராம் குழுவினர் இங்கே 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தீவுப் பேச்சையே பாடமாக நடத்திவந்தார்கள். தாத்தா பேசுவது 'தப்பான ஆங்கிலம்' இல்லை, அதற்கும் விதிகள் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர்ச் சொற்களைப் பட்டியல் போடுவார்கள். 'ஐ வாஸன்ட் தேர்' என்று உலகம் சொல்லும் இடத்தில், தீவுக்காரர் 'ஐ வேர்ன்ட் தேர்' என்பார். ஆனால் 'ஐ வாஸ் தேர்' என்பதைத் தொடமாட்டார். இல்லை என்று சொல்லும்போது மட்டும்தான் மாற்றம் என்பதைப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். 'ஹொய் டொய்ட்' தேய்ந்துபோன வீட்டுப் பிள்ளைகளிடமும் இந்த 'வேர்ன்ட்' நிலைத்திருந்தது ஆராய்ச்சியாளர்களுக்கே ஆச்சரியம்.

இப்போது அந்த வகுப்பறைகளில் ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் கணிசம். மெக்சிகோவிலிருந்து வேலைக்கு வந்து, விடுதிகளிலும் சமையலறைகளிலும் கட்டட வேலையிலும் தீவைத் தாங்கும் குடும்பங்கள். பிள்ளைகளில் பலர் தீவைத் தவிர வேறு ஊர் அறியாதவர்கள். கோடை முடிந்து மற்றவர்கள் போன பிறகும் இருப்பவர்கள். ஓக்ரகோக்கில் பிறந்தவர்களுக்கு 'ஓ'காக்கர்' என்று தனிப்பெயர் உண்டு; மற்றவர்கள் எத்தனை வருடம் இருந்தாலும் 'டிங்பேட்டர்'தான் என்பது பழைய கணக்கு. அந்தக் கணக்கில் இந்தப் பிள்ளைகளை எங்கே வைப்பது என்று ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை. இம்முறை விளையாட்டுத் திடல் எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கே என்ன மாதிரி ஆங்கிலம் முளைக்கிறது என்பதை இன்னொரு ஒலிப்பதிவுக் கருவிதான் சொல்ல வேண்டும்.

பழைய 'ஹொய் டொய்ட்' ஓரிரு தலைமுறைக்கு மேல் தாங்காது என்பது வொல்ஃப்ராமின் கணிப்பு. கேட்க விரும்புகிறவர்கள் கோடைக் கூட்டம் கலைந்த பிறகு போவது நல்லது. படகுத்துறை, மளிகைக்கடை வாசல், தபால் நிலையம். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடங்கள் இவைதான். தபால் படகில் வந்த காலத்தில் ஊரே கூடி நிற்கும். தபால்காரர் ஒவ்வொரு கடிதமாக எடுத்துப் பெயரை உரக்கக் கூப்பிடுவார். படகும் போய்விட்டது, கூப்பிடுவதும் நின்றுவிட்டது. கடிதங்கள் இப்போது சத்தமில்லாமல் அவரவர் பெட்டிக்குள் விழுகின்றன. ஆனாலும் அன்றைய தபால் பிரித்தாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, வயதான தீவுக்காரர் இன்றும் அதே பழைய மாதிரிதான் கேட்பார்: தபாலைக் கூப்பிட்டாச்சா?